ஆர்னிஸ்டன்: ஏழு நிமிடக் கணக்கில் தொலைந்த கப்பல்

1815 மே 30 இரவு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியான அகுல்யாஸ் முனைக்குச் சற்றுக் கிழக்கே ஆர்னிஸ்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் தரை தட்டி உடைந்தது. கப்பலில் இருந்தவர்கள் 378 பேர். உயிரோடு கரையேறியவர்கள் 6 பேர். கடல் விபத்துகளைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: குரோனோமீட்டர் என்கிற கடல் கடிகாரம் இல்லாததால் வழி தவறிய கப்பல். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. இதே கப்பல் போர்க்காலத்தில் எட்டு முறை ஆசியாவுக்கு வந்து பத்திரமாகத் திரும்பியிருக்கிறது. இடையில் மாறிப்போனது கப்பலுக்குச் செலவு செய்தவர்களின் கணக்கு. அதனால் இதன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்கவேண்டும்.

கம்பெனிக்கு ஓடிய காலம்

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையின் ராதர்ஹைத் பகுதியில் பர்னார்டு குடும்பத்தின் கப்பல் கட்டும் தளத்தில் இந்தக் கப்பல் உருவாகி 1794-ல் நீரில் இறங்கியது. பிரான்சோடு போர் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 1,200 டன் வகுப்பு. அன்றைய வணிகக் கப்பல்களில் இதுதான் உச்சம். சீனத் தேயிலை வியாபாரத்துக்கென்றே இந்த அளவில் கட்டினார்கள்.

பலர் நினைப்பதுபோல இவை கம்பெனியின் சொந்தக் கப்பல்கள் அல்ல. லண்டன் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து பங்கு போட்டுக் கட்டுவார்கள். அவர்களில் ஒருவர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வார். கம்பெனி அதை இத்தனை பயணத்துக்கு என்று வாடகைக்குப் பேசிக்கொள்ளும். ஆனால் கட்டுமானம் எப்படி இருக்கவேண்டும், எத்தனை பீரங்கி, எத்தனை ஆள், அதிகாரிகளுக்கு என்ன அனுபவம் என்பதையெல்லாம் கம்பெனி எழுதி வைத்திருந்தது. அந்த விதிகளுக்கு உட்பட்டால்தான் ஒப்பந்தம். முதலாளி நினைத்தபடி செலவைச் சுருக்க முடியாது.

கேப்டனின் வருமானமும் இதில் முக்கியம். மாதச் சம்பளம் வெறும் 10 பவுண்டுதான். ஆனால் போகும்போது சுமார் 56 டன், திரும்பும்போது 38 டன் சரக்கைத் தன் சொந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். ஆசியாவுக்கு ஒருமுறை போய்வந்தால் பல ஆயிரம் பவுண்டு பார்க்கலாம். அதனால்தான் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போட்டி போட்டார்கள். ஆர்னிஸ்டனின் முதல் கேப்டன் காம்பெல் மார்ஜோரிபாங்ஸ் பின்னாளில் மூன்று முறை கம்பெனியின் தலைவராகவே ஆனார். இப்படிப்பட்ட ஒருவருக்கு நல்ல கடிகாரம் வாங்குவது ஒரு பொருட்டல்ல.

ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகள் இந்தக் கப்பலில் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் போர்க்கப்பல் என்றே தோன்றும். இது வெறும் தோற்றமாகவும் முடிந்துவிடவில்லை. ஒருமுறை சுமாத்ராவின் பென்கூலனில் நங்கூரம் போட்டு நின்றபோது ஒரு பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் தாக்க வந்தது. ஆர்னிஸ்டன் நங்கூர வடத்தை வெட்டிவிட்டுப் பக்கவாட்டுப் பீரங்கிகளை முழக்கியதும் வந்தது விலகிப் போனது. 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணையை நோக்கி வந்துகொண்டிருந்த கம்பெனிக் கப்பல் கூட்டம் ஒன்று, பிரெஞ்சுத் தளபதி லினுவாவின் உண்மையான போர்க்கப்பல்களையே புலோ ஆவுரா தீவருகே துரத்தியடித்தது. வணிகக் கப்பலையும் போர்க்கப்பலையும் பிரித்தறிய முடியாத தோற்றம்தான் அங்கே காப்பாற்றியது.

எதிரியைவிடக் கடல்தான் இந்தக் கப்பல்களை அதிகம் கலங்கடித்தது. 1808, 1809 ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஏழு பெரிய கம்பெனிக் கப்பல்கள் சுவடே இல்லாமல் மறைந்தன. லார்ட் நெல்சன், குளோரி, எக்ஸ்பெரிமென்ட். அடுத்து கல்கத்தா, பெங்கால், லேடி ஜேன் டண்டாஸ், ஜேன் டச்சஸ் ஆஃப் கார்டன். இவற்றில் ஒன்றிலிருந்தும் ஒரு ஆள்கூடத் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளையும் தாண்டி ஓடிய கப்பல் ஆர்னிஸ்டன். மரமும் கட்டுமானமும் சோடை போனவை அல்ல.

வாடகைக் கப்பல்

அப்புறம் காலம் மாறியது. 1810 இறுதியில் மொரீஷியஸ் பிரிட்டிஷ் கைக்கு வந்ததும் இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுத் தொல்லை பெருமளவு ஓய்ந்தது. 1813-ம் ஆண்டு சாசனச் சட்டம் இந்திய வியாபாரத்தில் கம்பெனிக்கு இருந்த தனியுரிமையை எடுத்துவிட்டது. சீனத் தேயிலை மட்டும் கையில் மிஞ்சியது. எட்டுப் பயணம் முடித்திருந்த ஆர்னிஸ்டன் இப்போது படைவீரர்களை ஏற்றி இறக்கும் வாடகைக் கப்பலாகிவிட்டது.

வாடகைக்கு எடுத்தது அரசு. இப்படிப்பட்ட கப்பல்களைப் பேசி அமர்த்தவென்றே லண்டனில் போக்குவரத்து வாரியம் ஒன்று இருந்தது. அதன் சார்பில் கடற்படை லெப்டினன்ட் ஒருவர் கப்பலில் உடன் வருவார். டன் கணக்கில் வாடகை. முதலாளிக்கு லாபம் வேண்டுமென்றால் ஒரே வழி, செலவைக் குறைப்பது. தேயிலையும் பட்டும் ஏற்றி ஆயிரக்கணக்கில் சம்பாதித்த கேப்டன்களின் காலமும் இந்தக் கப்பலுக்கு முடிந்துவிட்டது.

புதிய கேப்டன் ஜார்ஜ் சிம்ப்சன். அவருடைய கப்பலில் குரோனோமீட்டர் இல்லை. அன்றைக்கு அதன் விலை 60 முதல் 100 கினி. சிம்ப்சனால் அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை, கப்பல் உரிமையாளர்கள் வாங்கித் தரவும் மறுத்துவிட்டார்கள். அது இல்லாமல் கிளம்ப முடியாது என்றால் வேறு கேப்டனைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லப்பட்டதாக அன்றைய கடற்படை அதிகாரி பேசில் ஹால் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த வழக்கின் மையம் இதுதான். ஒரு கினி என்பது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. மிக உயர்ந்த விலையைப் போட்டாலும் 105 பவுண்டு. நானூறு பேர் ஏறப்போகும் கப்பலில் தலைக்கு ஆறு ஷில்லிங்குக்கும் குறைவு.

காலியிலிருந்து

1815-ன் தொடக்கத்தில் இலங்கையில் கண்டி ராஜ்யம் வீழ்ந்தது. பிப்ரவரியில் மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டார். மார்ச் 2-ல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. மதுரை நாயக்கர் உறவுமுறையில் வந்த அந்த மன்னரை அடுத்த வருடம் வேலூருக்கு நாடு கடத்தினார்கள், அது நமக்குத் தெரிந்த கதை. ஜெயித்த பக்கத்திலும் காயம்பட்டு, காய்ச்சலில் விழுந்து, இனிப் பணிக்கு உதவமாட்டார்கள் என்று கழிக்கப்பட்ட வீரர்கள் இருந்தார்கள். அவர்களை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வேலைதான் ஆர்னிஸ்டனுக்கு.

ஏப்ரல் தொடக்கத்தில் காலி துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். வேறு ஆறு கம்பெனிக் கப்பல்கள் கூட வந்தன. ஆஃப்ரிகேன், விக்டர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் காவல். ஆர்னிஸ்டனில் நோயாளி வீரர்களும் மாலுமிகளும் தவிர 14 பெண்களும் 25 குழந்தைகளும் இருந்தார்கள். மோல்ஸ்வொர்த் பிரபு தன் மனைவியோடு வந்தார். 73-ம் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் ஆண்ட்ரூ கீல்ஸ் தன் நான்கு மகன்களை ஆசிரியரோடு சேர்த்து அனுப்பியிருந்தார். மூத்தவனுக்கு வயது 13, கடைசிப் பையனுக்கு 7.

கூட்டமாகப் போகும்வரை சிம்ப்சனுக்குப் பிரச்சினை இல்லை. மற்றக் கப்பல்களில் குரோனோமீட்டர் இருந்தது. அவற்றைப் பார்த்து ஓட்டினால் போதும். ஆபத்து எங்கே ஒளிந்திருந்தது என்பது இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. தன்னிடம் இல்லாத கருவிக்குப் பக்கத்துக் கப்பலை நம்பியிருக்கும் ஏற்பாடு, பக்கத்துக் கப்பல் கண்ணில் படும்வரைதான் செல்லும். மே 26-ல் கடும் காற்றில் ஆர்னிஸ்டனின் பாய்கள் சேதமாகிக் கூட்டத்திலிருந்து பிரிந்தது. அதோடு அந்த ஏற்பாடும் போனது.

மே 29, 30

இந்த இரண்டு நாளும் நடந்ததை உயிர் தப்பியவர்களில் ஒருவரான தச்சரின் உதவியாளர் சார்லஸ் ஸ்காட் வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறார். மற்ற எதையும்விட அதைத்தான் நான் நம்பிப் படிக்கிறேன். கதை சேர்க்காத, வேலைக்காரனின் நேர்ப்பேச்சு அது.

29 காலை ஏழு மணி வாக்கில் வெகுதூரத்தில் நிலம் தெரிந்தது. இது நன்னம்பிக்கை முனைப் பக்கத்து நிலம், டேபிள் விரிகுடாவை ஒட்டியது என்று முடிவுகட்டினார்கள். கரையை விட்டு விலகி மேற்கே ஓட்டினார்கள். 30 அதிகாலை நான்கரை மணிக்கு, முனையைத் தாண்டியாயிற்று என்ற நம்பிக்கையில் கப்பலை வடமேற்கே திருப்பி, கூடுதல் பாய்களையும் விரித்து, செயின்ட் ஹெலினா தீவை நோக்கி முழுவேகத்தில் விட்டார்கள்.

பார்த்த நிலம் நன்னம்பிக்கை முனை அல்ல. அகுல்யாஸ் முனைப் பகுதி. போதாக்குறைக்கு, இரவெல்லாம் ஓடியும் நினைத்த தூரம் நகரவில்லை. இன்னும் அகுல்யாஸுக்குக் கிழக்கேயே இருந்தார்கள். வடக்கே திறந்த அட்லாண்டிக் கடல் இருப்பதாக எண்ணித் திருப்பிய திசையில் ஆப்பிரிக்கக் கண்டம் இருந்தது.

காலை பத்து மணிக்கு நேர் எதிரே நிலம். எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்துக் கப்பலைத் திருப்பினார்கள். நண்பகல் நெருங்கும்போது ஒரு பக்கம் அலை உடையும் பாறை. மறுபக்கம் திருப்பினார்கள். இரண்டு மணிக்கு மீண்டும் திருப்பம். நான்கு மணிக்கு அகுல்யாஸ் பாறைத் திட்டு தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தாண்ட முடியாது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. பாய்மரக் கப்பலுக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. எஞ்சின் இல்லாத கப்பல் காற்றை எதிர்த்து நேராக வெளியேற வழியில்லை.

பாய்களைச் சுருட்டி மூன்று நங்கூரங்களையும் இறக்கினார்கள். சற்று நேரத்தில் இரண்டின் வடம் அறுந்தது. போக்குவரத்து வாரியத்தின் லெப்டினன்ட் பிரைஸ், மூன்றாவதையும் வெட்டிவிட்டுக் கப்பலைக் கரையில் ஏற்றிவிடலாம், ஆட்களைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்றார். வெட்டினார்கள். எட்டு நிமிடத்தில் அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, தரையில் மோதியது.

மோதிய கப்பல் கரைப்பக்கம் சாயாமல் காற்றும் அலையும் வரும் பக்கமே சாய்ந்தது. இதுதான் பெரும்பாலோரைக் கொன்றது. கரைப்பக்கம் சாய்ந்திருந்தால் கப்பலின் உடலே அலைக்குத் தடுப்பாக நின்றிருக்கும். இங்கே திறந்த தளம் அலைக்கு முகம் கொடுத்துக் கிடந்தது. மறுபக்கம் சாய்க்கப் பீரங்கிகளை வெட்டிக் கடலில் தள்ளிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், அதாவது நடக்கமுடியாத நோயாளிகள், அங்கேயே மூழ்கினார்கள். இரவு எட்டு மணிக்குப் பாய்மரங்கள் சாய்ந்தன. அடுத்த ஒரு மணி நேரத்தில் கப்பல் துண்டு துண்டானது. கரை ஒன்றரை மைல். பலகைகளைப் பற்றிக்கொண்டு ஆறு ஆண்கள் மட்டும் அடிபட்டு மிதிபட்டுக் கரை சேர்ந்தார்கள். விடிந்தபோது கப்பலின் பின்கோடி மரத்தூண் ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்கிறார் ஸ்காட்.

ஏழு நிமிடம்

சரி, கணக்குக்கு வருவோம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். உள்ளூர் நண்பகலைச் சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதே நொடியில் கிரீனிச்சில் மணி என்ன என்பதும் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. குரோனோமீட்டரின் வேலை அவ்வளவுதான்: கிரீனிச் நேரத்தைச் சுமந்து வருவது. கப்பல் ஆடினாலும் வெயில் ஏறினாலும் குளிர் இறங்கினாலும் பிசகாத கடிகாரத்தைச் செய்ய ஜான் ஹாரிசனுக்கு ஒரு வாழ்நாளே பிடித்தது. 1815-ல் அது பழைய செய்தி. அர்னால்டு, எர்ன்ஷா போன்ற கடிகாரக்காரர்கள் அதைக் கடைச்சரக்காகவே ஆக்கிவிட்டார்கள்.

நன்னம்பிக்கை முனையை ஒட்டிய கேப் பாயின்ட் ஏறத்தாழ கிழக்கு 18 பாகை 30 கலையில் இருக்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை). கப்பல் உடைந்த இடம் 20 பாகை 14 கலை. வித்தியாசம் 1 பாகை 44 கலை. நேரமாக மாற்றினால் ஏழு நிமிடம். தூரமாக மாற்றினால் அந்த அட்சரேகையில் சுமார் 160 கிலோமீட்டர். காலியிலிருந்து கிளம்பி 55 நாள் வாக்கில் ஆகியிருந்தது. கடிகாரத்தின் வேகக் கணிப்பில் நாளுக்கு இரண்டு வினாடி தவறு இருந்ததாக வைத்துக்கொண்டாலும் மொத்தப் பிசகு இரண்டு நிமிடத்துக்குள்தான் வரும், 45 கிலோமீட்டருக்கும் குறைவு. எந்த முனை என்பதில் குழப்பம் வர இடமே இல்லை.

கடிகாரம் இல்லாதவர்கள் நிலாவுக்கும் ஒரு விண்மீனுக்கும் உள்ள கோணத்தை அளந்து கணக்குப் போடுவார்கள். அதற்குத் தெளிந்த வானமும் ஆடாத தளமும் வேண்டும். இரண்டும் அந்த வாரம் வாய்க்கவில்லை. மிஞ்சியது பழைய முறை: முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் பார்த்து, திசைகாட்டியைப் பார்த்து, இத்தனை மணி நேரத்தில் இவ்வளவு போயிருப்போம் என்று வரைபடத்தில் கோடு இழுப்பது. அந்தக் கயிறு, கப்பலுக்கும் அதைச் சுற்றியுள்ள தண்ணீருக்கும் இடையிலான வேகத்தைத்தான் சொல்லும். அந்தத் தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால் கயிற்றுக்குத் தெரியாது. அகுல்யாஸ் கடலில் தண்ணீர் எப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சிம்ப்சன் மேல் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அகுல்யாஸுக்குத் தெற்கே கடலடி ஒரு பெரிய மேடாக வெகுதூரம் நீண்டு கிடக்கிறது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் தரை தட்டும். கேப் பாயின்ட்டைத் தாண்டி மேற்கே போய்விட்டால் ஆழம் விறுவிறுவென்று கூடும். ஆழம் பார்த்து இடம் அறிவது அந்தக் காலத்து மாலுமிகளுக்குப் பழகிய வழி. அதிகாலை நான்கரைக்குத் திரும்பும் முன் ஆழம் பார்த்ததாக ஸ்காட் சொல்லவில்லை. நிலத்தை ஒருமுறை தூரத்தில் பார்த்ததை வைத்து, சரிபார்க்காமல், இருட்டில், முழுப் பாயையும் விரித்து ஓடியது தவறான முடிவு. அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் நிலையில் அவரை நிறுத்தியது கடிகாரம் வாங்க மறுத்தவர்கள். கடிகாரம் இல்லாத கப்பலை ஏற்றுக்கொண்டு நோயாளிகளை ஏற்றிய வாரியமும் அதில் பங்காளி. பொறுப்பை வரிசைப்படுத்தச் சொன்னால் உரிமையாளர்களை முதலில் வைப்பேன், வாரியத்தை அடுத்து, கேப்டனை அதற்குப் பிறகு.

கரையிலும் தொடர்ந்த தவறு

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத பகுதி இது. ஆறு பேரும் கரையில் கிடைத்த சடலங்களைப் புதைத்தார்கள். மோல்ஸ்வொர்த் தம்பதி, லெப்டினன்ட் பிரைஸ், கேப்டன் சிம்ப்சன் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஜூன் 1-ல் கிளம்பினார்கள். எந்தப் பக்கம்? கேப்டனின் கணக்குப்படி கப்பல் கேப் பாயின்ட்டுக்கு மேற்கே இருந்தது. அப்படியானால் ஊர் கிழக்கே இருக்கவேண்டும். கிழக்கே நடந்தார்கள். கேப் டவுன் உண்மையில் மேற்கே இருந்தது.

பாறைகளில் ஒட்டியிருந்த சிப்பிகளைத் தின்றுகொண்டு நாலரை நாள் நடந்தார்கள். அப்புறம்தான் சந்தேகம் வந்து திரும்பினார்கள். உடைந்த கப்பலிடம் வந்துசேர மூன்றரை நாள். கடலில் விழுந்த பிழை, அதைச் செய்தவர் இறந்த பிறகும் இவர்களை எட்டு நாள் அலைக்கழித்திருக்கிறது. கரை ஒதுங்கிய ஒரு பீப்பாய் ஓட்ஸ் மாவை வெயிலில் காயவைத்துச் சாப்பிட்டு ஆறு நாள் தாக்குப்பிடித்தார்கள். அடி உடைந்து ஒதுங்கியிருந்த படகு ஒன்றைச் சரிசெய்து கரையோரமாகப் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜூன் 14-ல் வேட்டைக்கு வந்த ஒரு விவசாயியின் மகன் கண்ணில் பட்டார்கள். அவன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு வாரம் வைத்துப் பராமரித்தார்கள். ஜூன் 26 மாலை கேப் டவுன் சேர்ந்தார்கள். இடையில், ஜூன் 18-ல், வாட்டர்லூ முடிந்திருந்தது. இவர்கள் போகவிருந்த அதே செயின்ட் ஹெலினா தீவுக்கு அக்டோபரில் நெப்போலியனைக் கைதியாகக் கொண்டுபோனார்கள்.

கரை ஒதுங்கிய 331 உடல்கள் கடற்கரையை ஒட்டிப் புதைக்கப்பட்டதாகக் கிளம்பும் முன் ஸ்காட்டிடம் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் 350 பேர் இருந்திருப்பார்கள் என்பது அவருடைய மதிப்பு. 378 என்பது பின்னால் நிலைபெற்ற எண். கீல்ஸ் குடும்பம் நான்கு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் பொறித்து அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தது. அதில் விபத்து நாள் மே 28 என்று இருக்கிறது, ஸ்காட் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தி.

வாகனஹாய்ஸ்கிரான்ஸ் என்ற அந்த மீனவ ஊருக்கு இன்று ஆர்னிஸ்டன் என்றும் பெயர். 1982-ல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு ஆழமில்லாத நீரில் கிடந்த மிச்சங்களை ஆய்வு செய்தது. மேற்கே அகுல்யாஸ் முனையில் கலங்கரை விளக்கம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த விபத்தும் ஒரு காரணம். அது கட்டி முடிந்து முதன்முதலில் ஏற்றப்பட்டது 1849 மார்ச் 1-ல், விபத்து நடந்து 34 வருடம் கழித்து.